பட்டாசுக்கு வந்த புதுக் கம்ப்யூட்டர்

பழைய பல் பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு என் நாத்தனார் கீபோர்டு கழுவிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, என் சமையலறை மேசை, அதன் மேல் ஒரு கிழிந்த துண்டு. ஒவ்வொரு கட்டையாக நகத்தால் நெம்பி எடுத்து, சோப்புத் தண்ணீரில் முக்கித் தேய்த்து, துடைத்து, அதன் குழியில் வைத்து அழுத்தினாள். டொக். அடுத்த கட்டை. டொக்.

கட்டைகள் மேலிருந்த எழுத்துகள் எப்போதோ தேய்ந்துபோய்விட்டன. எல்லாம் மொட்டைக் கட்டைகள்.

"எழுத்தே இல்லையே, எது எங்க போனா என்ன?" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தேய்மானம் இருக்கு. இது இடது பக்கம் வழவழன்னு இருக்கா? என் நடுவிரல் பண்ண வேலை. விரலுக்குத் தெரியும்."

"நாளைக்குத் தூக்கிப் போடப்போற சாமானுக்கு இவ்வளவு குளிப்பாட்டா?"

"போறவங்களைச் சுத்தமா அனுப்பணும்னு நீங்கதானே சொல்வீங்க. அதுவும் போகப்போறது கம்ப்யூட்டர்தான். கீபோர்டு என்கூடப் புது மெஷினுக்கு வருது. வராட்டி நானும் வரலைன்னு சொல்லிட்டேன்."

அவள் என் கணவரின் தங்கை. கணவர் போன பிறகு மாடியில் அவளும் கீழே நானுமாக இருக்கிறோம். அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்தது, நிற்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், நானும் எழுதப்போவதில்லை. அவளைப் பற்றி எழுத வேறு நிறைய இருக்கிறது.

மருத்துவமனைகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு பெரிய சலவை நிலையத்தில் அவளுக்கு வேலை. சேர்ந்தபோது மடிப்புக் கூடத்தில் போட்டார்கள். நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளை மடிக்க வேண்டும். சாயங்காலம் தட்டெழுத்து வகுப்புக்குப் போனாள். கால் வீங்கியிருக்கும், போவாள். ஒருநாள் டெலிவரி மேசையில் இருந்தவர் வேலையை விட்டுப் போனார். "யாருக்காவது டைப் அடிக்கத் தெரியுமா?" என்று கூடத்துக்குள் வந்து கேட்டார்கள். இவள் கையிலிருந்த விரிப்பை அப்படியே பக்கத்துப் பெண்ணின் தலையில் போட்டுவிட்டு நடந்தாளாம். அன்று உட்கார்ந்த நாற்காலியிலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை.

எந்த மூட்டை எந்த வண்டியில் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பதை அந்த மேசைதான் முடிவு செய்யும். அவள் தட்டும் சத்தம் பக்கத்து அறை வரை கேட்கும். அதனால் பட்டாசு என்று பெயர். பேச்சுக்கும் அந்தப் பெயர் பொருந்தும் என்பதால் அது நிலைத்துவிட்டது.

நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு முறையாகப் பயிற்சி எடுத்தவள். ஓய்வுக்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் அந்தச் சலவை நிலையத்துக்குப் போகிறேன். நீராவியில் கையைச் சுட்டுக்கொள்பவர்கள், ஈரத் தரையில் வழுக்குபவர்கள் என்று யாராவது இருப்பார்கள். முதலுதவிப் பெட்டி என் பொறுப்பு. பெட்டி இருப்பது பட்டாசின் மேசைக்கு எதிர்ச் சுவரில்.

கம்ப்யூட்டர்களை ஏன் மாற்றினார்கள் என்றால், அவற்றை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு வயதாகிவிட்டது. அதைச் செய்தவர்களே இனி இதற்கு வைத்தியம் பார்க்கமாட்டோம் என்று கைகழுவிவிட்டார்கள். புதிதாக எந்தக் கிருமி வந்தாலும் அந்தக் கம்ப்யூட்டரால் தாக்குப்பிடிக்க முடியாது. ஒன்றுக்கு வந்தால் அதோடு தொடர்புள்ள எல்லாவற்றுக்கும் பரவும். மருத்துவமனைகள், "அந்தப் பழைய கம்ப்யூட்டரோடு எங்கள் கம்ப்யூட்டர் பேசாது, மாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டன. எனக்கு அது நியாயமாகப் பட்டது. தொற்று என்றால் தொற்றுதான்.

மாற்றிக் கொடுக்க வந்தவர் நாற்பது வயதுக்காரர். காதிடுக்கில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும். வந்த அரைமணி நேரத்தில் பட்டாசு அவருக்குத் திருப்புளி என்றே பெயர் வைத்துவிட்டாள். அவர் அவளை அக்கா என்றார்.

"அக்கா, இந்த மெஷினோட வயசு தெரியுமா?"

"உங்க கல்யாணத்துக்கு மூத்தது தம்பி. சண்டையும் கம்மி."

திருப்புளி பழைய பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே காற்றாடியைச் சுற்றிப் பஞ்சு அடைத்துக் கிடந்தது. துணிகளிலிருந்து பறக்கும் பஞ்சு, அத்தனை வருடமும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"ஒரு தலையணைக்குத் தேறும் அக்கா!"

"அப்ப உறை போட்டு டெலிவரி பண்ணிருங்க."

கீபோர்டின் முனை வட்டமானது, புதுக் கம்ப்யூட்டரில் அதற்கு ஓட்டை இல்லை. அவர் பையைத் துழாவி இரண்டையும் இணைக்கும் ஒரு சின்னத் துண்டைக் கண்டுபிடித்துச் செருகினார். இதையெல்லாம் அவளே அன்று சாயங்காலம் சொன்னாள். திங்கட்கிழமை நல்லபடியாகவே போனது.

செவ்வாய்க்கிழமை கண் மருத்துவமனைக்கு ஓட்டலின் மேசை விரிப்புகள் போய்ச் சேர்ந்தன. ஓட்டலுக்கு நோயாளிகளின் அங்கிகள் போயின, முதுகுப் பக்கம் நாடா கட்டுகிற பச்சை அங்கிகள். ஓட்டல்காரர் தொலைபேசியில், "எங்க சாப்பாடு அவ்வளவு மோசமா?" என்று கேட்டாராம். சிரித்துக்கொண்டு கேட்டாரா கோபமாகக் கேட்டாரா என்று மேனேஜருக்குத் தெரியவில்லை. வண்டிகள் திரும்பப் போய் எல்லாவற்றையும் மாற்றி எடுத்து வந்தன. ஒரே ஒரு மேசை விரிப்பு மட்டும் வரவில்லை. கண் மருத்துவமனையில் கேட்டதற்கு, எல்லாம் கொடுத்தாகிவிட்டது என்றார்கள்.

புதன்கிழமை இன்னொரு தவறு, கொஞ்சம் சின்னது. மேனேஜர் மேசைக்கு வந்தார். நல்ல மனிதர், குரல் உயர்த்தமாட்டார். அதனாலேயே அவர் சொன்னால் பயமாக இருக்கும்.

"இத்தனை வருஷத்துல உங்க மேசையில ஒரு மூட்டை தப்பிப் போனதில்ல. புது மெஷின் உங்களுக்குச் சரிப்படலையோ என்னமோ. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. அன்னிக்கு எல்லா வண்டியும் ஒண்ணா கிளம்புற நாள். அதுவும் சரியா வரலைன்னா மடிப்புக் கூடத்துல மேற்பார்வைக்குப் போயிருங்க. சம்பளம் குறையாது."

அன்று இரவு மாடியிலிருந்து இறங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"மடிப்புக் கூடத்துக்குப் போறதுக்கு நான் வீட்டுக்கே வந்துருவேன் அண்ணி. திரும்ப அந்தக் கூடத்துல நான் நிக்கமாட்டேன்."

"மேற்பார்வைதானே?"

"மேற்பார்வைன்னா நின்னு பாக்கறது. அங்க நாற்காலியே கிடையாது."

"சரி, அந்தப் புது மெஷின்ல என்னதான் கஷ்டம்?"

"வெளிறிப் போயிருக்கு. எல்லாம் வெள்ளை. வெள்ளைக்குள்ள வெள்ளையா என்னென்னமோ கட்டம். பழைய மெஷின்ல கறுப்புத் திரை, மஞ்சள் எழுத்து, ஆஸ்பத்திரிக்கு ஒரு நம்பர், ஓட்டலுக்கு ஒரு நம்பர். தட்டினா முடிஞ்சுது. இது மாவு கொட்டின தரை மாதிரி இருக்கு. செஞ்சவனுக்குக் கண்ணே கிடையாது போல."

எழுந்து போய் என் மேசை விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கூசுகிறது என்றாள்.

மறுநாள் வியாழக்கிழமை. இஸ்திரிப் பிரிவில் ஒருவர் பெருவிரலைச் சுட்டுக்கொண்டிருந்தார். அவரை முதலுதவிப் பெட்டிக்குக் கீழே உட்காரவைத்துக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே பாடம் நடந்துகொண்டிருந்தது.

"அக்கா, இதோ, இளநீலக் கட்டம் கண் ஆஸ்பத்திரி. பக்கத்துல ஊதாக் கட்டம் ஓட்டல். உள்ளேயே பேர் எழுதியிருக்கு. அதைப் பாத்து ஒரு அமுக்கு."

"ரெண்டும் ஒரே சாம்பல் நிறம்தானே தம்பி."

"இல்லக்கா, இது நீலம், இது ஊதா."

"உங்க வீட்ல சாம்பலுக்குப் பேரு ஊதாவா?"

திருப்புளிக்குப் பொறுமை ஒரு நூல் அளவுக்குத்தான் மிச்சம் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் திட்டவில்லை. அப்போது வண்டிக்காரர் சீட்டோடு உள்ளே வந்து நீட்டினார். பட்டாசு திரும்பிப் பார்க்காமல், "வாசி, என் கை வேலையா இருக்கு" என்றாள். அவர் வாசித்தார். இது அவளுடைய பழைய வழக்கம், எந்தச் சீட்டு வந்தாலும் கொண்டுவந்தவரே வாசிக்க வேண்டும். அதிகாரம் பண்ணுகிறாள் என்று வண்டிக்காரர்கள் என்னிடம் முணுமுணுத்திருக்கிறார்கள். அன்று அவள் கை ஒரு வேலையும் செய்யவில்லை. மடியில் சும்மா கிடந்தது.

பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று திருப்புளி ஏதோ சரிபார்க்கத் தொடங்கினார். திரையில் ஒரு கறுப்புச் சன்னலைத் திறந்தார். கறுப்பில் பெரிய வெள்ளை எழுத்துகள். அவர் தட்ட, பட்டாசு அவர் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றாள்.

"தம்பி, ரெண்டாவது வரியில ஒரு எழுத்து விட்டுட்டீங்க. முன்னாடி வரியிலயும் இங்கயும் வேற வேற மாதிரி இருக்கு பாருங்க."

அவர் பார்த்தார். விட்டுத்தான் இருந்தார். திருத்தினார். பிரிண்டர் கொர்ரென்று விழித்துக்கொண்டது.

"அவ்வளவு தள்ளி நின்னு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"ஏன், என் கண்ணுக்கென்ன குறை?"

கறுப்புச் சன்னலை மூடினார். வெள்ளைத் திரை வந்தது. "அப்ப இந்த முதல் கட்டத்துல என்ன பேர் இருக்கு, சொல்லுங்க."

அவள் கிட்டே குனிந்தாள். தலையைச் சாய்த்தாள். ஒரு கையால் கண்ணுக்கு மேலே கூரை பிடித்தாள், வெயிலில் தூரத்து பஸ்ஸைப் பார்ப்பது போல.

நான் கட்டுத் துணியின் முனையை அப்படியே அந்த இஸ்திரிக்காரர் கையில் கொடுத்து, "பிடிச்சுக்கோப்பா, வந்துடறேன்" என்று எழுந்தேன்.

ஏனென்றால் அதற்குள் எனக்கு எல்லாம் வரிசையாக வந்து நின்றுவிட்டன. அணைக்கப்பட்ட விளக்கு. வாசிக்கச் சொல்லும் சீட்டு. இன்னொன்றும் உண்டு. ஒரு வருடமாக அவள் வெளுப்புப் பிரிவுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், விரிப்பெல்லாம் மஞ்சளடிக்கிறது, சோப்பில் கைவைக்கிறாய் என்று. நான் பார்த்த விரிப்புகள் பளிச்சென்றுதான் இருந்தன. அவள் கண்டிப்பானவள், அதனால் அப்படிச் சொல்கிறாள் என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

முதலுதவிப் பெட்டியிலிருந்த சின்ன டார்ச்சை எடுத்தேன். "இப்படி வா" என்று துணிகள் அடுக்கும் அறைக்கு அவளைக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கண்ணில் ஒளி அடித்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய கண்மணி, துணி அலசிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. வலது அதிகம், இடது கொஞ்சம்.

"புரை" என்றேன்.

"யாருக்கு?"

"இந்த ரூம்ல வேற யாரு இருக்கா?"

"உங்களுக்கு எல்லாரும் நோயாளிதான் அண்ணி. பழைய மெஷின்ல ஒரு தப்பு வந்துதா? போன வாரம் வரைக்கும் நல்லாயிருந்த கண்ணு இந்த வாரம் கெட்டுப்போகுமா?"

"கண்ணு இந்த வாரம் கெடல. திரைதான் இந்த வாரம் மாறுச்சு. புரை இருக்கறவங்களுக்கு வெள்ளை வெளிச்சம் ஆகாது, கண்ணுக்குள்ள சிதறும், கூசும். கறுப்புல எழுத்து இருந்தா அவ்வளவு தொந்தரவு இல்ல. நீலமும் ஊதாவும் மங்கிப் போகும், வெள்ளை மஞ்சளாத் தெரியும். பழைய கறுப்புத் திரை உன்னை இத்தனை நாள் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு. மீதியை உன் விரல் பாத்துக்கிச்சு."

அவள் ஒரு தலையணை உறை அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க. கண்ணு தெரியாதவளை டெலிவரி மேசையில வைப்பாரா? நாளைக்கே மடிக்கப் போன்னுருவார்."

"நான் சொல்லமாட்டேன். நீ சொல்லுவ. ஆனா ஒண்ணு, ஆஸ்பத்திரித் துணி விளையாட்டில்ல. நாளைக்கு மேசை விரிப்புக்குப் பதிலா வேற எதாவது வேற எங்கயாவது போனா சிரிக்க முடியாது. அந்தத் தம்பிக்குத் தெரிஞ்சாகணும். அப்புறம் சனிக்கிழமை நீ என்கூடக் கண் ஆஸ்பத்திரிக்கு வர்ற."

"வரலைன்னா?"

"இன்னிக்கே மேனேஜர் ரூமுக்கு நடக்கறேன்."

"பயிற்சி எடுத்தவங்க எல்லாரும் இப்படித்தான் மிரட்டுவாங்களா?"

"நல்லா எடுத்தவங்க மிரட்டுவாங்க."

திருப்புளியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யோ அக்கா, மூணு நாளா ஊதா ஊதான்னு கத்திட்டு இருந்தேனே! முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"தெரிஞ்சாத்தானே தம்பி சொல்றதுக்கு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புது மென்பொருளில் திரையைக் கறுப்பாக்குவதற்கு வழி இருக்கிறதாம், அமைப்புகளுக்குள்ளே எங்கேயோ ஒரு மூலையில். பின்னணியைக் கறுப்பாக்கினார், எழுத்தை மஞ்சளாக்கிப் பெரிதாக்கினார். நிறக் கட்டங்களை மறைத்துவிட்டு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவள் மனப்பாடமாக வைத்திருந்த பழைய எண்ணையே போட்டார். எண்ணைத் தட்டினால் போகும் இடத்தின் பெயர் திரை முழுக்கப் பெரிதாக வரும். அதைப் பார்த்து இன்னொரு முறை தட்டினால்தான் மூட்டை நகரும். உள்ளே இருக்கும் மென்பொருள் புதியது, கிருமிக்கு இடம் கொடுக்காதது. முகம் மட்டும் பழையது.

அவள் உட்கார்ந்தாள். விரல்களைக் கட்டைகள் மேல் வைத்தாள். முதலில் மெல்ல ஒன்று. பிறகு இரண்டு. பிறகு அந்த அறையில் யாராலும் பேச முடியவில்லை, அவ்வளவு சத்தம். பக்கத்து அறையிலிருந்து வெளுப்புப் பிரிவுக்காரர் தலையை நீட்டி, "வந்துட்டாங்கய்யா" என்றார்.

அதுவரை என் இஸ்திரிக்காரர் கட்டுத் துணியின் முனையைப் பிடித்தபடியே அங்கே உட்கார்ந்திருந்தார். "அம்மா, என்னை மறந்துட்டீங்களா?" என்றார். போய் முடிச்சுப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தாலும் மருந்துகளின் காலாவதித் தேதி பார்க்கிற சாக்கில் போனேன். காலையிலிருந்தே வண்டிகள் வரிசை கட்டின. மேனேஜர் கதவோரம் நின்றார். வண்டிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சீட்டை வாசிக்க, அவள் தட்டினாள். ஒவ்வொரு முறையும் போகும் இடத்தின் பெயரை உரக்கச் சொன்னாள். வண்டிக்காரர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் இரண்டாவது தட்டு. நடுவில் ஒரு வண்டிக்காரர் அவசரத்தில் சீட்டைத் தப்பாக வாசித்தார்.

"பிரசவ ஆஸ்பத்திரிக்கு மேசை விரிப்பா? நல்லாப் பாருப்பா, விருந்தா வெக்கிறாங்க அங்க?"

அவர் திரும்பப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடைசி வண்டி கிளம்பியது. மத்தியானத்துக்குள் எல்லா இடங்களிலிருந்தும் துணி வந்து சேர்ந்ததாகத் தகவல் வந்துவிட்டது. ஒரு மூட்டைகூட மாறவில்லை. ஓட்டல்காரர் மட்டும் கூப்பிட்டார், செவ்வாய்க்கிழமை போன அந்த ஒரு மேசை விரிப்பு இன்னும் வரவில்லை, பூவேலை செய்தது, ஜோடியில் ஒன்று என்று.

மேனேஜர் மேசைக்கு வந்தார். "நல்லது. மேசை உங்களோடதுதான்" என்றார்.

திரும்பிப் போகப் போனவரை அவளே நிறுத்தினாள்.

"சார், நாளைக்குக் காலையில கொஞ்சம் தாமதமா வருவேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். புரையாம்."

அவர் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் மாத்திரை அட்டையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"நேத்தே ஏன் சொல்லல?"

"நேத்து சொல்லியிருந்தா மடிக்க அனுப்பியிருப்பீங்க. இன்னிக்குச் சொல்றேன், இப்ப அனுப்புங்க பாப்போம்."

மேனேஜர் தாடையைச் சொறிந்தார். "அனுப்பியிருப்பேன்தான்" என்று ஒத்துக்கொண்டார். "ஆபரேஷன் முடியற வரைக்கும் இதே மாதிரி உரக்கச் சொல்லியே அனுப்புங்க. சரியாப் பாக்க ஆரம்பிச்ச பிறகும் அப்படியே இருக்கட்டும். எல்லா மேசைக்கும் அதையே வெச்சுடலாம்."

வெளுப்புப் பிரிவுக்காரர் இடையில் புகுந்தார். "அப்ப என் சோப்பு, அக்கா?"

"என்ன உன் சோப்பு?"

"ஒரு வருஷமா மஞ்சள் மஞ்சள்னு என்னைத் திட்டினீங்களே."

அவள் யோசித்தாள். "ஆபரேஷன் ஆகட்டும். அப்புறம் பாத்துட்டுச் சொல்றேன். அப்பவும் மஞ்சளா இருந்தா உன்னை விடமாட்டேன்."

மறுநாள் காலை கண் மருத்துவமனைக்குப் போனோம். வரிசையில் எழுத்துகள் உள்ள பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னார்கள். மேல் வரிகளைப் படித்தாள். கீழ் வரிகளுக்கு வந்தபோது வாய் நின்றுவிட்டது, மடியில் விரல்கள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தன. கண் மருத்துவர் ஒரு பெண், வேகமானவர், எனக்குப் பிடித்துப்போனது. "முதல்ல வலது கண், அது ஆறினதும் இடது" என்று சொல்லி, அடுத்த மாதத்தில் ஒரு தேதி கொடுத்தார்.

கண்ணின் அழுத்தம் பார்க்க உள்ளறையில் ஒரு கட்டிலில் படுக்கச் சொன்னார்கள். அவள் ஏறி உட்கார்ந்து, விரிப்பின் மேல் கையை ஊன்றினாள். ஊன்றிய கை நின்றது. விரல்கள் ஓரத்துக்குப் போய், தையல் மேல் மெல்ல நகர்ந்தன.

"அண்ணி, இது ஆஸ்பத்திரி விரிப்பில்ல."

"பேசாம படு."

"ஓரத்துல பூவேலை இருக்கு. இலை, மொட்டு, இலை, மொட்டு. நர்ஸம்மா, இது எப்பத்திலேர்ந்து இங்க இருக்கு?"

நர்ஸ் பெண் வந்து பார்த்தாள். "செவ்வாய்க்கிழமை வந்த மூட்டையில இருந்தது. நல்லா மெத்துனு இருந்துதா, இதுல விரிச்சுட்டேன்" என்றாள், கொஞ்சம் அசடு வழிய.

கண்ணின் அழுத்தம் சரியாக இருந்தது. கட்டிலிலிருந்து இறங்கியதும் பட்டாசு அந்த விரிப்பை உருவி எடுத்தாள். முனையோடு முனை சேர்த்து, உதறி, நாலாக, எட்டாக மடித்தாள். மடிப்புக் கூடத்துக்கே திரும்பமாட்டேன் என்றவள், அங்கே கற்றதை மறக்கவில்லை. நர்ஸ் பெண்ணிடம், "உங்க விரிப்பு ஒண்ணு மத்தியானம் வண்டியில வரும்" என்று சொல்லிவிட்டு, விரிப்பைப் பையில் வைத்துக்கொண்டாள்.

நான் வீட்டுக்கு பஸ் ஏறினேன். அவள் எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் வேலைக்குப் போனாள். போனவுடன் அதை வெளுக்கப் போட்டு, காய்ந்து வந்ததும் ஓட்டலின் எண்ணைத் தட்டி, பெயரை உரக்கச் சொல்லி, வண்டிக்காரர் திருப்பிச் சொன்னதும் அந்த ஒற்றை மேசை விரிப்பை அனுப்பிவைத்தாளாம்.